துருத்திக்குப் புங்க எண்ணெய்

— போதும் நிறுத்துங்க மச்சான். இன்னும் நாலு நாள் இப்படித் தேச்சீங்கன்னா அந்தக் கேமராவுல கண்ணாடியே மிஞ்சாது.

— செத்த பொறு கமரு. கொடைக்கானல் துரை வீட்டுப் பரண்ல இருபது வருசம் கெடந்த சாமான். அம்புட்டுச் சீக்கிரம் சுத்தமாயிருமா?

— மாஷா அல்லாஹ். பரண்ல இருபது வருசத்துல சேர்ந்த அழுக்கைவிட, ரஹ்மத்துல்லா ராவுத்தரே, உங்க கைக்கு வந்து நாப்பது நாள்ல சேர்ந்த அழுக்குத்தான் கூட.

— நானும் இப்பத்தான் கத்துக்கிட்டு வாரேன். பொறக்கும்போதே எவனும் கேமராவைத் தூக்கிக்கிட்டுப் பொறக்கலை.

— நல்லா நிதானமாக் கத்துக்கங்க. பினாங்குல இருக்கிற நம்ம மக சைதூனுக்குத்தான் அவசரம். அஞ்சாவது மாசம்னு கடுதாசி வந்தப்போ கேமரா வாங்குனீங்க. இப்ப ஏழாவது நடக்குது. பாஸ்போர்ட்டு வரணும், நாகப்பட்டணம் போகணும், அங்கேருந்து பினாங்குக்குக் கப்பல்ல ஒரு வாரம். நான் போய் இறங்கும்போது பேரன் பள்ளிக்கூடம் போயிட்டு இருப்பான்.

— அந்தப் பாஸ்போர்ட்டுப் படத்துக்குத்தானே இந்தப் பாடு படுறேன்? மலேயாக்காரன் சுதந்திரம் வாங்குனதுலேருந்து கெடுபிடி. முகம் தெரியாத படம் செல்லாதுங்கிறான். என் பொண்டாட்டி நீ, முக்காட்டை விலக்கிக்கிட்டு வேத்து ஆம்பளை முன்னால உக்கார வேணாம், நானே எடுக்குறேன்னு சொன்னேன். சொன்னா சொன்னதுதான்.

— சொன்னது கேக்க நல்லாத்தான் இருக்கு. படத்தைத்தான் காணோம். இந்தா, இந்தச் சீட்டு ஞாபகம் இருக்கா?

— என்ன சீட்டு?

— பக்கத்து வீட்டு ஸ்தனிஸ்லாஸ் எழுதிக் குடுத்தது. ஸ்டூடியோ வச்சுப் பொழைக்கிற மனுசன், புதுசாக் கத்துக்கிற ஆளாச்சேன்னு மெனக்கெட்டு எழுதிருக்காரு. நீங்க வெத்தலைப் பெட்டிக்கு அடியில போட்டு வச்சிருக்கீங்க. வாசிக்கிறேன், கேளுங்க. ஒண்ணு. தூசியை ரப்பர் பந்தை அமுக்கி, அந்தக் காத்தால ஊதி எடுக்கணும். வாயால ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும்.

— நான் வாயை மூடிக்கிட்டுத்தான் ஊதுனேன்.

— வாயை மூடிக்கிட்டு ஊதுற மனுசனை இன்னைக்குத்தான் பாக்குறேன். கண்ணாடி மேல செவப்பாப் புள்ளி புள்ளியா இருக்கே, அது துரை போட்ட வெத்தலையா?

— மேல வாசி.

— ரெண்டு. ஒட்டிக்கிட்டிருக்கிற தூசியை மெத்துன்னு இருக்கிற அணில்முடிப் பிரசால தட்டணும்.

— தட்டுனேனே.

— எந்தப் பிரசு?

— பிரசுல என்ன எந்தப் பிரசு? நம்ம பிரசுதான்.

— நம்ம தோல் ஷாப்புல, பதம் போடுற ஆட்டுத் தோலைத் தேய்க்கிற பிரசு. அதுல ஒரு தேய்ப்பு தேச்சா உயிரோட இருக்கிற ஆடே வழுக்கையாயிரும். மூணு. துவைச்சுத் துவைச்சு நைஞ்சுபோன மல்லுத் துணியால, நடுவுலேருந்து வெளிய வட்டமா, அழுத்தாமத் துடைக்கணும். சாம்பல், சோப்பு, மண்ணெண்ணெய் ஆகவே ஆகாது.

— சாம்பல் ஆகாதுங்கிறதை முன்னாலயே சொல்லியிருக்கணும்.

— முன்னாலதான் எழுதிக் குடுத்தாரு.

— நீ மட்டும் லாந்தர் சிம்னியைச் சாம்பல் போட்டுத்தானே துடைக்கிற? பளபளன்னு இருக்குல்ல?

— லாந்தர் சிம்னியை வச்சுக்கிட்டு நான் பாஸ்போர்ட்டு வாங்கப் போகலை மச்சான். நாலு. உள்ளுக்குள்ள இருக்கிற தகட்டையும் ஸ்பிரிங்கையும் தொடக் கூடாது. திருகாணி எதையும் கழட்டக் கூடாது.

— கழட்டலை.

— அப்ப தாம்பாளத்துல கெடக்குற மூணும் என்னவாம்?

— அது மிச்சம். திருப்பி மாட்டும்போது மிஞ்சிப்போச்சு. அது இல்லாமலே கேமரா நிக்குது பாரு. வெள்ளைக்காரன் தேவையில்லாமப் போட்டிருக்கான்.

— மாஷா அல்லாஹ். இந்தப் புத்தி தெரிஞ்சிருந்தா கேமராவைச் செஞ்ச ஜெர்மன்காரன் உங்களைக் கூட்டிட்டுப் போயிருப்பான். அஞ்சு. முன்னால துருத்தி மாதிரி மடங்கி விரியுற தோலுக்கு எண்ணெய் போடக் கூடாது. ஈரத்துணியை ஒட்டப் பிழிஞ்சு ஒத்தியெடுத்து நிழல்ல வைக்கணும்.

— இங்க பாரு, அது தோலு. தோலைப் பத்தி ஸ்தனிஸ்லாஸ் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேகம்பூர்ல என் கையால பதமாகிப்போன தோலு சீமை வரைக்கும் போயிருக்கு. காஞ்ச தோலுக்குப் புங்க எண்ணெயை விட்டா வேற மருந்து இல்லை.

— சரி. எண்ணெயைத் தடவிட்டு எங்க வச்சீங்க?

— மாடியில.

— மாடியில எங்க?

— காத்தாட வச்சேன்.

— மொட்டை மாடியில, தளத்து மேல. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வச்சு, சாயங்காலம் அஸருக்குத்தான் எடுத்தீங்க. துணி எடுக்க வந்தப்போ பாத்தேன்.

— காயணும்ல?

— மச்சான், மலைச்சாமியை எதுக்கு வேலையை விட்டு நிறுத்துனீங்க?

— அவன் பேச்சு இப்ப எதுக்கு?

— சும்மா சொல்லுங்க. நான் பொம்பளை, தோலைப் பத்தி என்ன கண்டேன்.

— ஈரத் தோலை வெயில்ல விரிச்சுட்டான். நிழல்ல காயவைடான்னு எத்தனை தடவை சொல்லுறது? வெயில் பட்டா விரைச்சுப்போய் மடிச்ச எடத்துல எல்லாம்...

— ஏன் நிறுத்திட்டீங்க? மடிச்ச எடத்துல எல்லாம்?

— வெடிச்சுரும்.

— வெடிச்சுத்தான் இருக்கு. ஜன்னல் பக்கம் பிடிச்சுப் பாருங்க. மடிப்புக்கு மடிப்பு வெளிச்சம் வருது. முப்பது வருசமா நிழலு நிழலுன்னு தூக்கத்துலகூடக் கத்துற மனுசன், ஒரு சாண் தோலைக் கொண்டுபோய்ச் சித்திரை வெயில்ல வச்சிருக்காரு.

— மறந்துபோச்சு.

— வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவ மறப்பீங்க. என்னையக்கூட மறந்துட்டுப் பழனி பஸ்ஸுல ஏறுனீங்க ஒரு தடவை. தோலை நிழல்ல வைக்க மறக்க மாட்டீங்க. வேணும்னேதானே செஞ்சீங்க?

— கமரு...

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— ஆமா. வேணும்னுதான்.

— சைதூன் உங்க மக இல்லையா? ரெண்டு பிள்ளையைப் பெத்த கையோட அந்த ஊர் மண்ணுல அடக்கம் பண்ணிட்டு உக்காந்திருக்கா. இந்தத் தடவை அம்மா பக்கத்துல இருந்தாப் போதும்னு எழுதுறா. அந்தக் கடுதாசியை என்கிட்டேருந்து வாங்கி நாலு தடவை வாசிச்சீங்களே, அது யாருக்காக?

— நான் என்ன கல்லா? ஆரம்பத்துல நெசமாத்தான் துடைச்சேன். எச்சில் பட்டது, சாம்பல் போட்டது எல்லாம் தெரியாத்தனம். திருகாணி மிஞ்சுனதும் தெரியாத்தனம்தான். அப்புறம் ஒருநாள் நீ தகரப் பெட்டியை இறக்கி உன் சேலையை மட்டும் அடுக்குன பாரு. அதைப் பாத்த பெறகுதான் துருத்தியை மாடி வெயிலுக்குக் கொண்டுபோனேன். போனா ஆறு மாசம் ஆகும் நீ வர. இந்த வீட்டுல என்னைய ஏசுறதுக்குக்கூட ஆள் கெடையாது.

— கூட வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்? தோல் ஷாப்பை யாரு பாக்குறதுன்னு கேட்டீங்க.

— தோல் ஷாப்பைத் தம்பி பாத்துக்குவான். அதில்லை.

— பின்ன?

— கப்பலு. எந்தப் பக்கம் திரும்புனாலும் தண்ணி. ஏழு நாளு. நெனச்சாலே உள்ளங்கால் வேர்க்குது.

— கடல்தான் பயமா? ஊருக்கே அதட்டல் போடுற தோல்ஷாப்பு மொதலாளிக்கு?

— சிரிக்காத.

— சிரிக்கலை. இதை ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா ஒரு கேமரா பொழைச்சிருக்கும்.

— பொண்டாட்டிகிட்ட போய் எப்படிச் சொல்லுறது? சரி, நான் செஞ்சது தப்புத்தான். சைதூனுக்குத் தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டா. நாளைக்கே ஸ்தனிஸ்லாஸ் ஸ்டூடியோவுல போய் உக்காரு. நான் வாசல்ல நிக்கிறேன்.

— அதுக்குத் தேவையில்லை.

— ஏன்? போகலையா நீ?

— படம் எடுத்து ஒரு மாசமாச்சு. நீங்க திருகாணியைக் கழட்டுன அன்னைக்கே எனக்கு நம்பிக்கை போயிருச்சு. ஸ்தனிஸ்லாஸ் தெருவுல நின்னுக்கிட்டாரு, அவரு பொண்டாட்டி அன்னாள்தான் கருப்புத் துணிக்குள்ள தலையை விட்டு எடுத்தா. பாஸ்போர்ட்டுப் பாரம் மெட்ராசுக்குப் போயாச்சு.

— அப்ப இம்புட்டு நாளா எதுக்கு என்னையத் துடைக்கவிட்டு வேடிக்கை பாத்த?

— மனசுல இருக்கிறதை என்னைக்காவது வாயைத் திறந்து சொல்லுவீங்களான்னு பாத்தேன். அதுக்கு ஒரு துருத்தி வெடிக்க வேண்டியிருந்துச்சு.

— சொல்லிட்டேன்ல. விடு. நீ என்னைக்குக் கெளம்புற?

— நான் மட்டும் கெளம்புறேன்னு யாரு சொன்னா? போன மாசம் படிச்சுப் பாக்காம ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே, தோல் வியாபாரிகள் சங்கத்துக்கு எடுத்த உங்க படத்தை ஒட்டி அதையும் என் பாரத்தோடவே அனுப்பிட்டேன் மச்சான்.