ஊசி தோற்ற வழக்கு

அரசு வழக்கறிஞர் வேலையில் முதலில் போவது மனசாட்சி என்று வெளியே பேசிக்கொள்வார்கள். தவறு. முதலில் போவது முழங்கால். நாள் முழுக்க நின்றுகொண்டே பேசும் பிழைப்பு அது. நீங்கள் உட்கார்ந்தபடியே கேள்வி கேட்கிறீர்கள், கொடுத்துவைத்தவர்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தலை நரைக்கும்வரை அங்கே இருந்துவிட்டவர்களுக்குப் போக்கிடம் அதிகம் இல்லை. என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவர் நீதிபதியாகி, எங்களைக் கண்டால் தெரியாதவர்போல் போகப் பழகிக்கொண்டார். இன்னொருவர் தனியாகத் தொழில் தொடங்கி, தான் உள்ளே தள்ளியவர்களையே வெளியே எடுத்துவிட்டுப் பெரிய வீடு கட்டினார். எதுவும் வாய்க்காதவர்களை மேல்முறையீட்டுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஜன்னல் இல்லாத பின்பக்க அறை. நாங்கள் அதைக் ‘கிடங்கு’ என்போம். அங்கே போனவர் ஓய்வு பெறும் நாளில்தான் மறுபடி கண்ணில் படுவார்.

எனக்குத் தலைமை வழக்கறிஞர் நாற்காலி வேண்டியிருந்தது. ஆசைப்படுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்த விசாரணை முடிந்தால் உங்களுக்கும் ஒரு படி ஏற்றம் உண்டு என்று கேள்விப்பட்டேன். அதைப்பற்றி நான் ஏதாவது சொன்னேனா?

குறுக்கே இருந்தவர் ஊசி. எனக்குப் பிறகு வேலைக்கு வந்த பெண். ஒல்லியான உடம்பு, குத்துகிற கேள்விகள்; பட்டப்பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெறவிருந்த தலைமை வழக்கறிஞர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்யா. அந்த ஒயர் கேஸ் முடியட்டும். அதுல அந்தம்மா ஜெயிச்சுட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, மனசுல வச்சுக்காதே” என்றார். நான் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தேன்.

ஒயர் கேஸ் என்றால், ஒருவன் தன் மனைவியின் கழுத்தை மின்சார ஒயரால் இறுக்கிய வழக்கு. செத்துவிட்டாள் என்று நினைத்து அவன் வெளியே போனதால் பிழைத்தாள். குரல் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. வேறு சாட்சி கிடையாது. அவள் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னால் போதும். அவன் உள்ளே, ஊசி மேலே.

சாட்சி சொல்லவேண்டிய அன்று காலை ஊசிக்கு வேறொரு நீதிமன்றத்தில் வேலை இருந்தது. சாட்சிகள் காத்திருக்கும் அறையில் அந்தப் பெண்ணும் அவள் தங்கையும் இருந்தார்கள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“சொன்னா அவரு எத்தனை வருஷம் உள்ள இருப்பாரு சார்?” என்று அவள்தான் கேட்டாள்.

“மேல்முறையீடுன்னு ஒண்ணு இருக்கும்மா. ஜாமீன்ல வந்தாலும் வந்துருவாரு. வரும்போது கோபம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.”

“சொல்லலைன்னா?”

“இன்னைக்கே எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.”

தங்கை குறுக்கே புகுந்தாள். “அக்கா, மேடம் வரட்டும். அவங்களைக் கேட்டுக்கலாம்.”

“மேடத்துக்கு இந்தக் கேஸ் ஜெயிக்கணும்மா. எனக்கு இதுல ஆகவேண்டியது ஒண்ணுமில்லை. அதான் உள்ளதைச் சொல்றேன்” என்றேன்.

அவள் என் கறுப்புக் கோட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கூண்டில் ஏறியதும் மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். “கழுத்துல இந்தத் தடம் எப்படிம்மா வந்தது?” என்று ஊசி கேட்டார். “தெரியலை மேடம்.” ஊசி திரும்பத் திரும்பக் கேட்டார், அவள் அழுதாள், நீதிபதி முகம் சுளித்தார். கடைசியில் தன் சாட்சியைத் தானே பிறழ் சாட்சி என்று அறிவிக்கும்படி ஊசி மனுச் செய்யவேண்டியதாயிற்று. கணவன் விடுதலையானான். அடுத்த மாதம் ஊசி கிடங்குக்குப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் அதிக காலம் இருக்கவில்லை. இந்த முறை அவன் அவசரப்படாமல், உயிர் போனதை உறுதி செய்துகொண்டுதான் வெளியே போயிருக்கிறான்.

எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அவள் சாட்சி சொல்லவேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஒயர் கேஸை விசாரித்த இன்ஸ்பெக்டர் வந்து, “சார், அவன் சிறைக்குள்ளேயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கான், வெளிய போனதும் முதல் வேலையா அவளை முடிக்கிறேன்னு. மேடத்தைப் பார்க்க முடியலை, நீங்க சொல்லிடுங்க” என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். ஊசியிடமும் சொல்லவில்லை, அந்த அறையில் அவளிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நிச்சயம் சாட்சி சொல்லியிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை. இதற்குமேல் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

கொலை வழக்கை நானே நடத்தினேன். தலைமை வழக்கறிஞர் நேரில் வாதாடுவது அபூர்வம். அந்தக் கழுத்தைப் பற்றி நான் பேசியபோது நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆயுள் தண்டனை. பத்திரிகைகள் என் படத்தைப் போட்டன.

வெளியே வராந்தாவில் தங்கைக்காரி வழிமறித்தாள். “நல்லாப் பேசினீங்க சார். அன்னைக்கு எங்க அக்காகிட்டயும் இப்படித்தான் நல்லாப் பேசினீங்க” என்றாள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்துவிட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. துக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது பேசுவார்கள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

வருத்தம் உண்டா என்கிறீர்கள். எதற்கு? ஊசி அந்த வழக்கில் தோற்றார், நான் ஜெயித்தேன். இதையும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: அந்தப் பெண்ணுக்கு நீதி வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டால், என்னைத் தவிர வேறு யாரையும் உங்களால் காட்ட முடியாது.