பனிமூட்டத்தில் ஊர்வல மெட்டு

— நிறுத்தாதீங்க அண்ணி! உங்க பிடில் நின்னா, பின்னால ஆடிட்டு வர்ற பன்னெண்டு பேருக்கும் வழி தெரியாது.

— கம்பியெல்லாம் ஈரத்துல தொய்ஞ்சு கிடக்கு, ஏனோக். சலங்கை கட்டி ஆடற மோரிஸ் ஆட்டத்தோட ஊர்வல மெட்டு மாதிரியா இருக்கு இது? பூனை கத்துற மாதிரி இருக்கு. நீ மேளத்தைப் பலமா அடி.

— அடிச்சிட்டுத்தான் இருக்கேன். கர்த்தரே, என் கையே எனக்குத் தெரியல. காலையில இதே மணல்ல தீவுக்கு நடந்து போறப்ப எப்படி வெயிலடிச்சுது!

— மணல்ல வழி காட்டுற மனுஷன் பொறுங்கன்னு சொன்னாரே. நீதான் ‘கடல் ஏற ரெண்டு மணி நேரம் இருக்குன்னு அவரே சொன்னாரு’ன்னு குதிச்சே.

— சொல்லிக் காட்ட இதுதான் நேரமா?

— ஷ்ஷ்! பின்னால சலங்கை கேக்குதா?

— இல்லையே அண்ணி...

— வாய்க்காலைத் தாண்டறப்ப கேட்டுதே! ஜாபெஸ்! ஏங்க! ஜாபெஸ்!

— ஓடாதீங்க, புதைமணல்! அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது. என்னை ஒட்டியே வாங்க.

— தண்ணி, ஏனோக். கணுக்காலுக்கு வந்துடுச்சு.

— அண்ணி... அந்த வழி காட்டுற மனுஷன் ரெண்டு மணி நேரம்னு சொல்லல. ஒரு மணின்னுதான் சொன்னாரு. கரையில ஹெஸ்ட்கார் தெருவுல சாயங்கால ஊர்வலம் தவறிடுமேன்னு நான்தான்...

— அடப்பாவி! பன்னெண்டு குடும்பம்டா! அவங்க வாசல்ல போய் என்ன சொல்லுவே?

— திட்டுங்க, அடிங்க. வாசிக்கிறதை மட்டும் விட்டுடாதீங்க.

— கம்பி வழுக்குது. வில்லு நிக்க மாட்டேங்குது.

— வழுக்கினாலும் வாசிங்க. நான் மேளத்தை நிறுத்திக் காது குடுக்கறேன்... அண்ணி! சலங்கை! முன்னாடி கேக்குது!

— முன்னாடியா? அப்ப நாம திரும்பிட்டோம். கடலுக்குள்ள போறோம், ஏனோக்!

— இல்ல, இல்ல. தண்ணி நம்ம முதுகுப் பக்கமிருந்துதான் தள்ளுது. எதிர்ல கரைதான். நடங்க, நடங்க!

— தெர்சா! இந்தப் பக்கம்! கையை நீட்டு!

— ஜாபெஸ்! நீங்களா? மத்தவங்க எங்க? எத்தனை பேரு மிச்சம்?

— அண்ணே, எல்லாத்துக்கும் நான்தான் காரணம். யாரு போயிட்டாங்க, சொல்லிடு.

— யாரும் போகலடா. வாய்க்கால்கிட்ட உங்க மெட்டு கடல் பக்கமா விலகிப் போச்சு. கத்திப் பார்த்தோம், உன் மேளத்துல எங்க கேக்கும்? நாங்க, வழி காட்டுறவரு மணல்ல நட்டிருந்த அடையாளக் குச்சிகளைப் பிடிச்சுக் கரையேறிட்டோம். கால்மணி நேரமா பன்னெண்டு பேரும் நின்ன இடத்துலயே ஆடறோம், உங்க ரெண்டு பேருக்கும் வழி தெரியணுமேன்னு.