வாசலில் கட்டிய வேப்பிலை

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு ஒரு இருமல் வந்தால்கூட உடம்பு தாங்குவதில்லை, ஐயா. உடனே பஸ் ஏறிவிடுகிறார்கள். அனந்தபுரம் சந்தைக்குப் போகிற கூட்டத்தைவிட ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டம் பெரிது.

என் மருமகள் மலர்விழியும் அந்த ரகம். தொண்டை வலி என்று வந்து நின்றாள். "எச்சி முழுங்க முடியல மாமா. திண்டிவனம் போயி டாக்டரப் பாத்துட்டு ஜல்தியா வந்துர்றேன்" என்றாள்.

"உப்புத் தண்ணி கொப்புளி. உங்கப்பன் ஊட்ல தொண்டை வலிக்கெல்லாம் டாக்டர வச்சிக்கினா இருந்தீங்க?" என்றேன். சிரித்தாள். நல்ல பெண்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

திண்டிவனம் என்றால் எனக்கு ஆகாது. என் மகன் பூவரசன் அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ரூமில் தங்கியிருந்தவன் இப்போது வீடு பிடித்துவிட்டானாம். மாதம் பிறந்ததும் அவளை அழைத்துக்கொண்டு போவதாகப் பேச்சு. நிலத்திலோ மல்லாட்டை பிடுங்கிக் கடலை ஆய்கிற பருவம். எனக்குக் கூழ் கரைத்துக் கொடுக்க வேறு ஆள் கிடையாது. டாக்டரைப் பார்க்கப் போகிறவள் திரும்பி வருவாள் என்று என்ன நிச்சயம்?

காய்ச்சல் அடித்தது. கழுத்தும் கைகளும் சிவந்து சொரசொரப்பாகத் தடித்தன. நான் போய் வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் கட்டினேன்.

எங்கள் பக்கம் வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அம்மை கண்டவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே வரக் கூடாது. மாத்திரை, ஊசி ஆகாது. ஆத்தாளுக்குக் கோபம் வரும். போன் சத்தமும் ஆகாது என்று சொல்லி அவள் போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பூவரசன் அதில் கூப்பிட்டான். "அம்மா வந்திருக்கா. புருஷன் வாசப்படி மிதிக்கக் கூடாது. மேல்மலையனூருக்கு வேண்டிக்கினு அங்கியே கிட" என்றேன். "சரிப்பா" என்றான்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி இளநீரோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றாள். மலர்விழி உள்ளேயிருந்து கத்தினாள். "அத்தே, இது அம்மை இல்ல. தொண்டை அடைக்குது. என்னை இட்டுக்கினு போங்க. கதவு பூட்டியிருக்கு."

பாஞ்சாலி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மை கண்டவள் வாயில் வருவதெல்லாம் ஆத்தாள் பேச்சு. "தாயே, கோச்சிக்காத. எங்கியும் போவ வேணாம். இங்கியே குளுந்து குந்திக்கோ" என்று கும்பிட்டு, இளநீரை வைத்துவிட்டுக் கிளம்பினாள். போகும்போது என்னிடம், "குடுத்து வச்ச ஊடுண்ணே" என்றாள்.

பூட்டு நான் போட்டதுதான். சன்னல் வழியாகக் கூழும் தண்ணீரும் கொடுத்தேன். முதலில் திட்டினாள். பிறகு கெஞ்சினாள். "மாமா, நான் திண்டிவனமே போவல. உங்ககூடவே இருக்கேன். டாக்டர மட்டும் இட்டுக்கினு வாங்க" என்றாள். ஜுரத்தில் சொல்வதை நம்ப முடியுமா?

கழுத்து வீங்கியது. தூக்கித் தூக்கிப் போட்டது. கை கால் சில்லிட்டது. பேச்சு நின்ற பிறகு நான்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் வைத்திருந்தார்கள், மறுநாள் போய்விட்டாள். தொண்டையில் இருந்த கிருமி ரத்தத்தில் இறங்கி உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்றார் டாக்டரம்மா. ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளாம். தொண்டை எங்கே, ரத்தம் எங்கே. படித்தவர்கள் எதையாவது சொல்வார்கள்.

கல்யாணமான புதிதில் ஒரு பெண் செத்தால் சர்க்கார் கேட்கத்தான் செய்யும். கேளுங்கள். அம்மை என்று நினைத்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை. அம்மை பார்க்காதவனா நான்? முத்து நீர் கோத்து நிற்கும். அவள் உடம்பில் ஒரு முத்துகூட இல்லை. தெரிந்துதான் வேப்பிலை ஒடித்தேன். அம்மை என்றால்தான் வீட்டில் இருப்பாள்.

வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்கிறீர்கள். உட்கார முடியாது, ஐயா. மாடு கட்டினபடி நிற்கிறது. நான் போகிறேன், வேண்டுமானால் ஆள் அனுப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். தொண்டை வலியில் யாரும் செத்ததில்லை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தானாக எழுந்து உட்கார்ந்திருப்பாள். ஆம்புலன்சைக் கூப்பிட்டதுதான் நான் செய்த தப்பு.