துரு யாரால வந்துச்சின்னு மேஸ்திரி சொல்லட்டும்

...ஆணி பூர்ற ஓட்டை இல்ல மேஸ்திரி, ஆளு காலு பூர்ற ஓட்டை. நானும் எங்கூட்டுக்காரி ஜெசிந்தாவும் கார்ல விழுப்புரத்துலேர்ந்து இங்க திண்டிவனத்துக்கு சர்ச்சுல ஒரு புள்ளைக்குப் புதுநன்மை, அந்த விருந்துக்கு வந்துக்கினு இருக்கோம். பக்கத்து சீட்ல குந்திக்கினு மல்லாட்டை உரிச்சித் தின்னுக்கினு வர்றா, எனக்கு ஒண்ணு குடுப்போம்னு கூட இல்ல. கூட்டேரிப்பட்டு கிட்ட ஒரு ஸ்பீடு பிரேக்கரு. ஊர்ந்துதான் ஏத்தி எறக்கறேன். 'யப்பா'ன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா பொம்பளைக்கு முட்டிக்குக் கீழ காலக் காணோம். ரப்பர் மேட்டு, அடித் தகடு எல்லாத்தையும் பிச்சிக்கினு வண்டிக்கு அடியில தொங்குது. செருப்பு பின்னால ரோட்ல கெடக்குது.

அடியா? அடி ஒண்ணும் இல்ல, லேசா செராய்ப்பு. இந்தாங்க டார்ச்சு. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசறேன். பெரியதம்பி மேஸ்திரி வாயத் தொறந்து பாத்தவன் திண்டிவனத்துலயே கெடையாதுன்னாங்க. அதுக்குத்தான் உங்களத் தேடிக்கினு வந்தேன். எங்க ஊட்ல ஒருத்தி பேசறதே எனக்குப் போதும்.

இப்ப அதுவும் இல்லதான். ஒம்போது நாளு ஆவுது.

என்னா நடந்துச்சின்னா, எறங்கி கால தொடச்சிக்கினு இருந்தா. நான் ஒரு வார்த்த சொன்னேன். 'வாரா வாரம் பக்கெட் பக்கெட்டா தண்ணிய ஊத்தி வண்டியக் கழுவறியே, தகடு என்னாத்துக்கு ஆவும், நீதான் இத அழுவ உட்ட'ன்னு. கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன். டீக்கடையில பத்து பேரு நிக்கறாங்க. அவ திருப்பிக் கத்தி இருந்தா முடிஞ்சி போயிருக்கும் மேஸ்திரி. கத்தல. அந்த ஒத்தச் செருப்ப எடுத்துக்கினா. 'துரு யாரால வந்துச்சின்னு டிங்கர் மேஸ்திரி சொல்லட்டும். என்னாலன்னா நானே ஊட்டுக்கு வர்றேன். உன்னாலன்னா, நீ வல்லத்துக்கு வந்து, என் தங்கச்சி முன்னால ஒத்துக்கினு கூப்புடு'ன்னுட்டு செஞ்சி பஸ்ஸுல ஏறிப் போயே போயிட்டா.

தங்கச்சின்னா சவுரியம்மாள். உங்களுக்குத் தெரியாது, தெரியாத வரைக்கும் நல்லது. நான் பொண்ணு பாக்கப் போனப்ப காப்பிய சட்டையில ஊத்திக்கினேன், அத முப்பத்தொரு வருசமா சொல்லிச் சிரிச்சிக்கினு இருக்குது அந்தப் பொம்பள. அது முன்னால போயி நானு ஒத்துக்கணுமாம்.

அதனால மேஸ்திரி, நீங்க ரொம்பப் பேசவேணாம். தண்ணியாலன்னு ஒரே ஒரு வார்த்த. போன் போட்டுத் தர்றேன், அவகிட்ட சொல்லிடுங்க. பொய்யா சொல்லச் சொல்றேன்? தண்ணி பட்டாத்தான துரு?

ஏன் இவ்ளோ பெருசா கோடு போடறீங்க? ஓட்டை தட்டு அளவுதான இருக்குது, நீங்க தாம்பாளம் அளவுக்கு வெட்டப் போறீங்க. ஓ... ஸ்க்ரூடிரைவரு வெச்ச எடமெல்லாம் உள்ள போவுதா. சரி சரி, வெட்டுங்க. நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டித்தான் ஆவணும், எனக்கும் தெரியும். மூணு வருசம் முன்னால ஒரு ஆளு அந்தத் துரு மேலயே தார் ஷீட்ட ஒட்டி, அதுமேல பெயிண்ட்ட அடிச்சி, 'அண்ணே, இனிமே உங்க பேரன் ஓட்டுவான்'னான். எனக்குப் பேரனே கெடையாது, அப்பவே உசாராயிருக்கணும். மேல பாத்தா பளபளன்னு இருக்குது, உள்ள துரு தின்னுக்கினே இருந்துருக்குது. நீங்க ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு அடிச்சி, ஜாயிண்ட்டுக்கெல்லாம் தண்ணி எறங்காம மருந்து வெச்சி, அடியிலயும் கருப்பு கோட்டிங் குடுத்துடுங்க. அந்தத் தண்ணி வடியற ஓட்டை நாலையும் தொறந்து உடுங்க. அத அடச்சது யாரா? பொகை, தூசி வருதுன்னு... நாந்தான். அது சின்ன விசயம்.

எம்பத்திநாலு மாடல் ஃபியட்டு மேஸ்திரி. சூசைமுத்து வண்டின்னா விழுப்புரம் பூரா தெரியும். தள்ளி ஸ்டார்ட் பண்ணவே பாதி ஊரு வந்துருக்குது.

சீட்ட ஏன் கழட்றீங்க? ஓட்டை முன்னாலதான இருக்குது. சீட்டு நல்லாத்தான் இருக்குது, அதக் கழட்னா போல்ட்டு உடையும், பேஜாரு புடிச்ச போல்ட்டு. வேணாம் மேஸ்திரி. சொன்னாக் கேளுங்க. எடது பக்கம் வேணாம், வேணும்னா என் சீட்டக் கழட்டிப் பாருங்க.

கழட்டிட்டீங்க.

அது... கல்லு இல்ல. கீழ போடாதீங்க. குப்பையில போடாதீங்க மேஸ்திரி, பாவம். இங்க குடுங்க. உப்பு. மாதா கோயில் உப்பு. திருவிழாவுல கொடிமரத்தடியில உப்பு மொளகு கொட்டுவாங்க இல்ல, அதுல ஒரு புடி எடுத்து, பங்குச் சாமியார்கிட்ட மந்திரிச்சி வாங்கி, கர்ச்சீப்புல முடிஞ்சி வெச்சது. ஆமா, நாந்தான் வெச்சேன். கால் படக்கூடாதுன்னு சீட்டுக்கு அடியில.

எண்ணாதீங்க. பதினொண்ணுதான். வருசத்துக்கு ஒண்ணு. பழச எடுத்துட்டுதான் புதுசு வெக்கணும், தெரியும். ஆனா பழச எங்க கொட்றது? மந்திரிச்சத கண்ட எடத்துல கொட்டக்கூடாது, கெணத்துல போடணும்பாங்க. எங்க தெருவுல கெணறு எங்க இருக்குது, பூரா போருதான். சரி, அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்னு உட்டேன். பிளாஸ்டிக் பையில போடலாம்தான். சாமி உப்ப பிளாஸ்டிக்லயா போடறது?

அப்டிப் பாக்காதீங்க. மழைக்காலத்துல உப்பு கசிஞ்சி, பிரேக்கு போட போட முன்னால ஓடி, மேட்டுக்கு அடியில தங்கி... நீங்க வெரலால காட்ட வேணாம், எனக்கே தெரியுது அந்த வெள்ளக் கோடு. முப்பது வருசம் ஸ்கூல் லேபுல அட்டெண்டரா இருந்தவன் மேஸ்திரி நானு. ஆணி எடுத்து ஒரு டியூபுல சும்மாத் தண்ணி, ஒரு டியூபுல உப்புத்தண்ணி ஊத்தி வெக்கறது வருசா வருசம் என் வேல. எதுல சீக்கிரம் துரு ஏறுச்சின்னு எட்டாங்கிளாஸு புள்ளைங்க நோட்ல எழுதும். அதுங்களுக்கெல்லாம் தெரியும்.

ஒண்ணு பண்ணலாம். தண்ணி அவ ஊத்துனது, உப்பு நான் வெச்சது. பாதிப்பாதின்னு சொல்லிடுங்களேன். தலைய ஆட்டாதீங்க. எங்க, என் சீட்டுப் பக்கம் தட்டுங்க பாப்பம்... அந்தப் பக்கமும்தான் அவ கழுவறா. ஆமா. கிண்ணுனு இருக்குது. ஒரு பொட்டு துரு இல்ல.

ஏன் எல்லாம் அவ சீட்டுக்கு அடியிலயே வெச்சேன்னுதான பாக்கறீங்க.

பதினோரு வருசம் முன்னால, மேஸ்திரி, பைபாஸ்ல ஒரு லாரி. எடது பக்கக் கதவ வழிச்சிக்கினு போச்சி. இன்னும் ஒரு சாண் தள்ளி வந்துருந்தா அவ இல்ல. அவ என்னாடான்னா எறங்கி ஓரமா நின்னு டீ வாங்கிக் குடிக்கிறா. நான்தான் டீய ஆற உட்டுட்டு, அந்தக் கதவுலேர்ந்து அவ சீட்டு வரைக்கும் சாண் போட்டுப் பாத்துக்கினு நின்னேன். அன்னிலேர்ந்து அவ அந்தப் பக்கம் குந்தும்போதெல்லாம் எந்த லாரிய பாத்தாலும் ஓரங்கட்டி வழி உட்டுடுவேன், அந்த வருசத் திருவிழாவுலதான் மொத முடிச்சி வெச்சேன். நம்மள பத்தி யாரு கவலப்பட்டா, எனக்கு ஒண்ணும் ஆவாது. அவளுக்கு எதுனா ஆயிட்டா நான் எப்டி இருப்பேன், சொல்லுங்க. சோறு கூட வெக்கத் தெரியாது. சோத்த உடுங்க, சும்மா ஊட்ல ஒக்காந்து இருக்கவே முடியல, இந்த ஒம்போது நாளா பாத்துட்டேன்.

அவளுக்குத் தெரியாது. உப்பு வெச்சதும் தெரியாது, லாரி பயமும் தெரியாது. போனு வேணாம் மேஸ்திரி, உள்ள வெச்சிக்கிறேன். நீங்க தகடு வேலைய அவசரப்படாம பாருங்க, எத்தினி நாளானாலும் ஆவட்டும். வல்லத்துக்கு இங்கேர்ந்து பஸ்ஸு எத்தினி மணிக்கு? அரை மணிக்கு ஒண்ணா, சரி.

போயி என் தப்புதான்னு சொல்லிடுவேன். அது என்னா பெரிய விசயம், ரெண்டு நிமிசம் தலையக் குனிஞ்சிக்கினா முடிஞ்சிது, சவுரியம்மாளும் சிரிச்சிட்டுப் போவட்டும். ஆனா அதோட உடமாட்டா எங்கூட்டுக்காரி. 'உப்ப ஏன்யா எஞ்சீட்டுக்கு அடியில வெச்ச'ன்னு கேப்பா. அதுக்குப் பதில் சொல்லணும் மேஸ்திரி. முப்பத்தொரு வருசத்துல ஒரு தடவ கூட அந்த மாதிரி எதுவும் நான் அவகிட்ட சொன்னதே இல்ல.