வாய்க்காலோரத்து முள்ளுக்கத்தரி

தொண்ணூறுகளில் ஒரு காலை, சேரன்மாதேவியிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்ற பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தனர். ஒருவர் காய்கறி விவசாயி. மற்றவர் அவருடைய மைத்துனர், விதை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்ப்பவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"கடையில வாங்கி நட்ட கத்தரி அம்புட்டும் வாடல் நோயில போச்சு மச்சான்," என்றார் விவசாயி. "வாய்க்காலோரம் பழைய முள்ளுக்கத்தரி ஒண்ணுதான் நிக்கி. வாயில வைக்க முடியாத கசப்பு! இன்னைக்குப் பிடுங்கி ஆட்டுக்குப் போடச் சொல்லிட்டு வந்தேன்."

மைத்துனர் பதறினார். "அந்த நோயிலயும் நிக்கின்னா, அதத்தான் மாப்ளே நாங்க தேடுதோம்! ருசியான கத்தரியோட அதைச் சேத்து விதை எடுக்கணும்."

"கசப்பும் கூடவே வருமே?"

"உம்ம உடம்பு வலுவும் என் தங்கச்சி குணமும் வாங்கின பிள்ளை உம்ம வீட்டுலயே இருக்குல்லா? அது மாதிரி பாத்துப் பாத்துப் பொறுக்கணும். செடியே போயிட்டா எதைப் பொறுக்க?"

விவசாயி எழுந்துவிட்டார். "கண்டக்டரண்ணாச்சி, நிப்பாட்டுங்க!"

"இங்கன ஸ்டாப் இல்லையே. வீட்டுல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா, காய்ச்சல் கீச்சலா?"

"மேலுக்கு நல்லா இருந்தது அது ஒண்ணுதான் அண்ணாச்சி. அதையும் ஆட்டுக்குப் போடச் சொல்லிட்டேன்!"

விசில் ஒலித்தது. இருவரும் இறங்கி, வந்த வழியே ஓடினர்.