சூரியனுக்கு நாள் குறிச்சவங்க

...அதைத்தான் நானும் சொல்றேன் தோபே-சான், தப்பு சூரியன் மேலதான்! வேற யாரைச் சொல்றது? பதினாலு நாட்டு விஞ்ஞானிங்க ரெண்டு வருஷம் உக்காந்து, பேசி, முறைச்சு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, ஒரு வழியா ஒரு தேதியைக் குறிக்கிறாங்க. அந்தத் தேதிக்கு வந்தா என்னவாம் அதுக்கு? ஒரு நாள் முன்னாடியே வந்து நிக்குது! பதினஞ்சு கோடி கிலோமீட்டர் வர்ற காத்து, வழியில எங்கேயாவது ஒரு நாள் தங்கிட்டு வரக்கூடாதா?

நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. அந்தப் பக்கவாட்டுக் கதவைக் கொஞ்சம் தூக்கி இழுக்கணும்... ஆமா ஆமா, உங்களுக்குத் தெரியாததா. எட்டு வருஷமா இந்த ஜெராக்ஸ் மெஷினுக்கு நீங்கதானே வைத்தியர். அவசரமே இல்லைங்க. மூணு மணிக்குக் கூட்டம், அதுக்குள்ள அந்த அறிக்கை பத்து காப்பி வேணும்னு டைரக்டர் சொன்னாருதான்... சொல்லுவாரு. மணி ரெண்டுதானே ஆகுது. நிதானமா, ஒவ்வொரு திருகா கழட்டிப் பாருங்க. டீ ஊத்தறேன். இந்த நோசவானாக் கீரை ஊறுகாய் என் நாத்தனார் போட்டது. உப்பு தூக்கல்தான், அவங்க கையே அப்படி.

என்ன கூட்டமா? அதைக் கேளுங்க. சூரியன்ல இருந்து ஓயாம ஒரு காத்து வருதாம். நம்ம மூஞ்சியில அடிக்கிற காத்து இல்லை, மின்சாரம் ஏறின தூசி மாதிரி ஏதோ. முப்பத்தொரு வருஷம் இந்த ஆபீஸ்ல குப்பை கொட்டினதுக்கு எனக்குப் புரிஞ்சது அவ்வளவுதான். அது வந்து பூமியைச் சுத்தி இருக்கற காந்தத்துல மோதும். மோதினா வடக்கே வானம் பச்சைப் பச்சையா ஆடும், ரேடியோ கரகரக்கும், மேல சுத்தற செயற்கைக்கோளுக்குப் பைத்தியம் பிடிக்கும். அந்த முதல் மோதல் இருக்கு பாருங்க, அதை உலகம் பூரா ஒரே நேரத்துல பார்க்கணும். அதான் திட்டம். ஃபின்லாந்துல பலூன், நார்வேயில ராக்கெட், பெருவுல ராடார், இங்க நம்ம மலை மேல கேமரா. எல்லாத்தையும் கூட்டிக் கட்டற பொறுப்பு நம்ம நிலையத்துக்கு. பெருமைதான். பெருமை கரசவா சென்செய்க்கு, அவர்தானே டைரக்டர். டைப் அடிக்கிறது இந்த மொமோசே.

அடேயப்பா, அவங்க திட்டம் போட்ட அழகை நீங்க பார்த்திருக்கணும்! பேர் வைக்க மட்டும் நாலு மாசம். பொறந்த குழந்தைக்கே நாம ஏழாம் நாள் வெச்சுடறோம். அப்புறம் சின்னம். எங்காளுங்க சூரியன்னா சிவப்புன்னாங்க. மத்தவங்க எல்லாம் மஞ்சள்னாங்க. சூரியனையே பொழப்பா வெச்சிருக்கறவங்க, அது என்ன நிறம்னு மூணு கூட்டம்! கடைசியில ஆரஞ்சு. யாருக்கும் பிடிக்கலை, அதனால எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அந்த ஃபின்லாந்துக்காரர் இருக்காரே, ரெண்டு வருஷத்துல மொத்தம் ஆறு வார்த்தை பேசியிருப்பாரு. அதுல மூணு 'சரி'. நல்ல மனுஷன்.

அதுக்கப்புறம் தேதி. ஐயோ, அந்தக் கூத்தை என்னத்தைச் சொல்ல. ஆகஸ்ட்னா எங்களுக்கு ஓபோன், செத்தவங்க எல்லாம் வீட்டுக்கு வர்ற நேரத்துல யாரு ஆபீஸ் வருவாங்க? ஜூலைன்னா ஐரோப்பாக்காரங்க அத்தனை பேரும் கடற்கரைக்குப் போயிடுவாங்களாம், வெயில் காய. சூரியனை ஆராய்ச்சி பண்ண வாங்கடான்னா, வெயில் காயறதுக்கு லீவு கேக்கறாங்க! நவம்பர்ல அமெரிக்காக்காரங்க வான்கோழி சாப்பிடணும். ஆளாளுக்கு ஒரு காலண்டரைத் தூக்கிட்டு வந்தாங்க. சூரியன்கிட்ட யாரும் கேக்கவே இல்லை.

கேட்டது ஒருத்தர்தான். கூசே, நம்ம நிலையத்துச் சின்ன விஞ்ஞானி. அதான், ஒல்லியா, சட்டையை இஸ்திரி போடாம வருவாரே, போன தடவை உங்க பெட்டியைக் கீழ வரைக்கும் தூக்கிட்டு வந்தாரே, அவர்தான். அவர் எழுந்து நின்னு சொன்னாரு: தேதியை நாம குறிக்க முடியாதுங்க, சூரியன் குறிக்கும். அது தன்னைத்தானே சுத்துது, இருபத்தேழு நாளைக்கு ஒரு தடவை அதே மூஞ்சியை நமக்குக் காட்டும். இப்போ அந்த மூஞ்சியில ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அதுல இருந்துதான் காத்து பலமா வருது. எண்ணிப் பார்த்தா அக்டோபர் எட்டாம் தேதி வந்து மோதும். எட்டுல ஆரம்பிப்போம், அஞ்சு நாள் பார்ப்போம். அவ்வளவுதான் பேசினாரு. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா அந்த அறையில ஒருத்தரும் வாயைத் திறக்கலை. ஃபின்லாந்துக்காரர் மட்டும் 'சரி'ன்னாரு.

எட்டாம் தேதி சாயங்காலம் ஆறரைக்கு வந்து மோதிச்சுங்க, அவர் சொன்னபடியே. ஆனா ஊர் ஊரா அனுப்பின அட்டவணையில இருந்தது ஒன்பதாம் தேதி! மோதும்போது என்ன பண்ணிட்டிருந்தோம் தெரியுமா? மறுநாள் ஆரம்பிக்கணுமேன்னு கேமரா கண்ணாடியைத் துடைச்சுட்டிருந்தோம். ஃபின்லாந்துக்காரர் பலூனைப் பெட்டிக்குள்ள பத்திரமா வெச்சுட்டு வெந்நீர் ஆவியில உக்காந்திருந்தாராம். ஒன்பதாம் தேதி காலையில நாங்க நாடா வெட்டி, கை தட்டி, பத்துப் பேர் பேசி... கல்யாணத்துக்குக் கை கழுவற நேரத்துல போய்ச் சேர்ந்த மாதிரி. அடுத்த சுத்துல பார்த்துக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. அந்த ஓட்டை மூடிக்கிச்சாம். போச்சு. ரெண்டு வருஷமும் போச்சு.

அதுக்குத்தான் இன்னைக்கு விசாரணை. யார் எட்டை ஒன்பதாக்கினதுன்னு. அறிக்கையை டைரக்டரே எழுதிட்டாரு. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல: 'தேதியைத் தயாரித்த கூசேயின் கவனக்குறைவு.' ஒரே வரி. மார்ச் மாசம் அவரோட ஒப்பந்தம் முடியுது. இந்த ஒரு வரியோட யாருங்க புதுப்பிப்பாங்க? வேற எந்த நிலையத்துலதான் சேர்ப்பாங்க?

...என்னது? உள்ளயா? ஸ்டேப்ளர் பின்னா? ஓ... தாளோட ஒண்ணு வழுக்கி விழுந்திருக்கும். வயசாச்சு, கண்ணு சரியாத் தெரியறதில்லை...

அஞ்சா?

...

டீ ஆறிடும், குடிங்க. இப்படிப் பார்க்காதீங்க தோபே-சான். சரி, நான்தான் போட்டேன். அஞ்சும் நானேதான் போட்டேன். காலையில யாரும் இல்லாதப்போ. மெஷின் கெட்டுப்போனா காப்பி இல்லை, காப்பி இல்லைன்னா கூட்டம் இல்லை. நம்ம ஆளுங்க கையில தாள் இல்லாம வாயே திறக்க மாட்டாங்களே. ரெண்டு நாள் தள்ளிப்போகும்னு நினைச்சேன். வழக்கமா சாமான் வரணும், நாலு நாள் ஆகும்னு இழுப்பீங்களே, இன்னைக்குன்னு பார்த்து இருபதே நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டீங்க. உங்க கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேற நாளே கிடைக்கலையா?

ஏன் தள்ளிப்போடணும்னா... ப்ச். அந்த எட்டை ஒன்பதாக்கினது யாருன்னு நினைக்கறீங்க?

ஆமா. இந்த விரல்தான்.

இருங்க இருங்க, முழுசாக் கேளுங்க! அந்தச் சுவத்துக் காலண்டரைப் பாருங்க. தேதிக்குக் கீழ சின்ன எழுத்து இருக்குல்ல. அக்டோபர் எட்டு என்ன போட்டிருக்கு? புட்சுமெட்சு. அன்னைக்குப் போய் எவனாவது ஒரு காரியத்தை ஆரம்பிப்பானா? கடையைத் திறப்பானா, கல்யாணம் பண்ணுவானா? மண்டபத்துல அன்னைக்குப் பாதி வாடகைக்குக் குடுத்தாலும் ஆள் வராது. அடுத்த நாளைப் பாருங்க, ஒன்பது. தாய்-ஆன்! இருக்கறதுலயே நல்ல நாள். ஒரே ஒரு நாள் தள்ளி, கையெட்டற தூரத்துல இருக்கு!

நானா முடிவு பண்ணிடலைங்க. அட்டவணையை டைரக்டர்கிட்ட காட்டப் போனேன். அவர் தாளைப் பார்த்தாரு. தலையைத் தூக்கி, அவர் அறையில மாட்டியிருக்கற இதே காலண்டரைப் பார்த்தாரு. பார்த்துட்டுப் பல்லிடுக்குல காத்தை இழுத்தாரு, 'ஸ்ஸ்ஸ்'னு. ஒண்ணுமே சொல்லலை. நம்ம ஆபீஸ்ல எந்தப் பெரிய மனுஷன் வாயைத் திறந்து சொல்லியிருக்கான்? முப்பத்தொரு வருஷமா அந்த 'ஸ்ஸ்'சுக்கு அர்த்தம் கண்டுபிடிச்சுத்தான் நான் சம்பளம் வாங்கறேன். அவர் மேடையில 'விஞ்ஞானிக்கு ஏது நல்ல நாள் கெட்ட நாள்'னு பேசுவாரு. ஆனா மக கல்யாணத்தை தாய்-ஆன் அன்னைக்குத்தானே வெச்சாரு? அதனால எனக்குப் புரிஞ்சது. புரிஞ்சதா நினைச்சேன். மாத்தி அடிச்சு வெச்சேன், அவரும் பார்க்காமலே முத்திரை குத்தினாரு, பதினாலு நாட்டுக்கும் போயிடுச்சு.

ஒருத்தர் கேக்கணுமே! ஒருத்தரும் கேக்கலை. ஒவ்வொருத்தரும் மத்த பதிமூணு பேரும் கூடி முடிவு பண்ணினதுன்னு நினைச்சுக்கிட்டாங்க. இந்தியாவுல, அந்தத் தென்கோடியில காந்தம் அளக்கற நிலையம் வெச்சிருக்காரே ஒருத்தர், அவர் மட்டும் எனக்குத் தனியா எழுதினாரு. 'ஒன்பதுக்கு மாத்தினது ரொம்ப நல்லது, எட்டாம் தேதி எங்க பஞ்சாங்கத்துலயும் அஷ்டமி, தயவுசெஞ்சு நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு. எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா? அஷ்டமின்னா என்னன்னு நான் கேக்கலை. எனக்கு எதுக்கு.

கூசே மட்டும் வந்தாரு. இதோ, நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் நின்னாரு. 'மொமோசே-சான், நான் எட்டுன்னுதானே எழுதினேன்?' அவ்வளவு மரியாதையா கேட்டாரு, தன் கண்ணு மேலயே சந்தேகம் வந்த மாதிரி. நான் என்ன சொன்னேன்? 'டைரக்டர் முடிவு'ன்னேன். தலை குனிஞ்சு போயிட்டாரு. டைரக்டரே மாத்தினா ஏதாவது காரணம் இருக்கும்னு நம்பிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அவர் வாயைத் திறக்காததுக்கும் அதான் காரணம். டைரக்டரைக் காட்டிக் குடுக்கக்கூடாதாம்! டைரக்டருக்கோ, கூசேதான் தப்பா எழுதிட்டாருன்னு நெஜமாவே நினைப்பு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் டீ கொண்டுபோய்க் குடுத்துக்கிட்டு இருக்கேன், ஒண்ணும் தெரியாத மாதிரி.

இதுல இன்னொரு கூத்து. போன வாரம் கணக்குப் பிரிவுல இருந்து ஒரு மருத்துவச் சீட்டு வந்துச்சு, டைரக்டரோடது. அந்த 'ஸ்ஸ்' நாளன்னைக்குத்தான் தேதி. பல் டாக்டர். கடைவாய்ப் பல் ரெண்டாப் பொளந்துடுச்சாம்! டாக்டர்கிட்ட எத்தனை மணிக்குப் போகணும்னு காலண்டர்ல குறிச்சு வெச்சிருந்திருக்காரு, அதைத்தான் பார்த்திருக்காரு. நான் அந்தப் பல்வலிக்கு அர்த்தம் கண்டுபிடிச்சு, பதினாலு நாட்டை ஒரு நாள் தள்ளி வெச்சேன்.

சிரிக்கறீங்களா? சிரிங்க. எனக்கும் சிரிப்பு வரும், கூசே மூஞ்சி ஞாபகம் வராம இருந்தா.

சரியாயிடுச்சா அதுக்குள்ள? ம்... பச்சை விளக்கு எரியுது. நாசமாப் போச்சு. குடுங்க சீட்டை, முத்திரை குத்தறேன். பழுதான பாகம், அது சரி. காரணம்... 'தேய்மானம்'?

தோபே-சான். என்ன எழுதியிருக்கீங்க? அஞ்சு பின்னைக் கையில வெச்சுக்கிட்டுத் தேய்மானம்னா எழுதியிருக்கீங்க? நான் கேட்டேனா உங்களை? வாயைத் திறந்து கேட்டேனா? என் மூஞ்சியைப் பார்த்து நீங்களாவே... ஐயோ, உங்களுக்கும் இருக்கு இந்த வியாதி! நல்லதுன்னுதான் பண்றீங்க, தெரியுது. நானும் நல்லதுன்னுதான் பண்ணினேன். இந்த மெஷின் உங்களை என்ன பண்ணிச்சு? பாவம், அதுக்கு வாய் இருக்கா, நான் நல்லாத்தான் இருந்தேன், இவதான் உள்ள பின்னைப் போட்டான்னு சொல்ல? பழியைத் தூக்கி அது தலையில போடறீங்களே!

அந்தத் தேய்மானத்தை அடிச்சு விடுங்க. 'உபயோகித்தவர் தவறு'ன்னு எழுதுங்க. மொமோசேன்னு பேரோட எழுதுங்க. ம். இப்போ குடுங்க.

முத்திரை குத்தியாச்சு. பாருங்க, ஒரு நொடி ஆகலை.

...

அந்த அறிக்கையை எடுங்க. அதான், மெஷின் கண்ணாடி மேல கெடக்குதே. 'கூசேயின் கவனக்குறைவு.' பேனா எங்க போச்சு... இந்தா. பேர் மேல ரெண்டு கோடு. நேரா இருக்கணும், கோணலா இருந்தா டைரக்டருக்குப் பிடிக்காது. மேல மொமோசே. பக்கத்துல என் முத்திரை. அவ்வளவுதான். அவ்வளவேதான். ரெண்டு மாசமாத் தூங்கலைங்க நான், இதுக்குப் போய்.

பத்து காப்பிதானே. பத்துன்னு அமுக்கி, இந்தப் பச்சையை அமுக்கினா...

ஓ. நல்லா ஓடுது. என்ன வேகம். எழுத்து எவ்வளவு தெளிவா விழுது பாருங்க, என் பேர் அங்க இருந்தே தெரியும் போலிருக்கே... ரெண்டு வருஷத்துல ஓய்வு வேற எனக்கு. டைரக்டர் மூஞ்சி எப்படிப் போகும்... பெரு நாட்டு ராடார்காரங்களுக்கும் அனுப்புவாங்க, எல்லா ஊருக்கும் அனுப்புவாங்கல்ல இதை? தோபே-சான், நிறுத்துங்க. கொஞ்சம் நிறுத்துங்க, நான் இன்னும் ஒரு தடவை யோசிச்சுட்டு... இதை நிறுத்தறது எந்த பட்டன்? இந்தச் சிவப்பா? அமுக்கறேன், நிக்க மாட்டேங்குதே! தோபே-சான்? ஏங்க, போயிட்டீங்களா? டீயைக் கூட முழுசாக் குடிக்காம... தோபே-சான்! ஐயோ, ஏழு... எட்டு... ஒன்பது...