முகம் இடக்கைப் பக்கம்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி இவ்வளவு மெதுவாகச் சுற்றுவதற்கு எங்கள் சூரிய மின் பண்ணை காரணமில்லை, ஐயா. அங்கே உண்டாகும் மின்சாரம் நேராகத் தில்லிப் பக்கம் போய்விடுகிறது, ஜெய்சல்மேரில் இறங்குவதே இல்லை. குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் அடிக்கடி மேலே பார்த்தீர்கள், அதனால் சொன்னேன்.

என் பெயர் ஜோகாராம். எங்கள் ரைகா ஆட்களுக்கு ஒட்டகம் மேய்ப்பதுதான் தொழில். நான் பி.எஸ்சி. படித்துவிட்டதால் பேனல் மேய்க்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தால் ஒன்பது லட்சம் பேனல்கள் என் விரலுக்குக் கீழே. காலையில் கிழக்கே பார்த்து நிற்கும். சூரியனோடு சேர்ந்து மெல்லத் திரும்பி மாலையில் மேற்கே பார்க்கும். ஒட்டகத்தைவிடச் சொன்ன பேச்சைக் கேட்கும், கடிக்காது.

ஒப்பந்தக்காரர் தேஜ்கரண்ஜிக்கும் எனக்கும் பகை ஏதும் இருந்ததா என்று கேட்டீர்கள். வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். பார்க்கும்போதெல்லாம் முதுகில் தட்டி, "என்ன ஜோகா, சூரியன் ஒழுங்கா வேலைக்கு வந்தானா?" என்பார். "வந்துட்டான் ஹுகும், கையெழுத்துதான் போடல" என்பேன். சிரிப்பார். வன்னிக்காய்க் கறி என்றால் அவருக்கு உயிர். இப்போதெல்லாம் சந்தையில் அது கிடைப்பதே இல்லை என்று உண்மையாகவே வருத்தப்படுவார்.

கிடைக்காது. பண்ணை இருக்கும் நிலத்தில் இருநூற்றுப் பதினான்கு வன்னி மரங்கள் இருந்தன. எண்ணியது நான், பெயர் வைத்தது என் அப்பா. கூனி, ஊமை மாமியார், பல்வலிக்காரன், இரட்டைச் சண்டை. அவருக்குப் பாதையே அதுதான். "கூனிக்கு வலப்பக்கம் போனா தண்ணி, ஊமை மாமியாரைத் தாண்டினா வீடு. இதைக்கூட மறக்கிறவன் பி.எஸ்சி. படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

நில அளவைப் படிவத்தில் மரங்களுக்கு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பூஜ்யம் என்று எழுதியிருந்தது. இல்லாத மரத்தை வெட்ட அனுமதி வேண்டாம் அல்லவா? ஐந்து நாளில் வெட்டினார்கள். அங்கேயே நீளமாகக் குழி தோண்டிப் புதைத்து, மேலே பேனல் நட்டார்கள். கம்பெனியின் வழுவழுப் புத்தகத்தில், 'தரிசு நிலம் உயிர் பெற்றது' என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். படம் நன்றாக இருக்கும்.

அடுத்த வைகாசியில் அப்பாவின் பெண் ஒட்டகம் ஒன்று காணாமல் போனது. பழைய மேய்ச்சலுக்குத்தான் போயிருக்கும் என்று அப்பா வேலிக்கு அடியில் புகுந்து உள்ளே போனார். உள்ளே கூனி இல்லை, ஊமை மாமியார் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை. நாங்கள் மூன்று நாள் மேய்ச்சல் காடெல்லாம் தேடினோம். பதினேழாம் பகுதியில் பேனல் கழுவுகிறவர்கள் அப்பாவின் உடலைக் கண்டெடுத்தார்கள். கழுவும் தண்ணீர்த் தொட்டி முந்நூறு அடி தூரத்தில் இருந்தது. ஒட்டகம் முதல் நாளே வீட்டுக்கு வந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த தேஜ்கரண்ஜி என் தோளில் கை வைத்து, "வருத்தப்படாதே ஜோகா. பெரியவர் நிழல்லதான் போயிருக்கார். வெளியில கிடந்திருந்தா இந்த நிழல் கிடைச்சிருக்குமா?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்தப் பூஜ்யத்தை எழுதியவன்தான் அப்பாவைக் கொன்றவன் என்று அப்போதே எனக்குத் தெளிவாகிவிட்டது. அவனும் அதே மாதிரி நடக்க வேண்டும். அதற்குமேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை.

அப்பாவுக்குப் பிறகு தொழிலாளிகள் உள்ளே போகவே பயந்தார்கள். அதனால் ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன் பேனலின் முகம் வலக்கைப் பக்கம், சாப்பாட்டுக்குப் பின் இடக்கைப் பக்கம் இருக்கும்படி நடந்தால் வடக்கு வாசல் வந்துவிடும். எல்லோருக்கும் மனப்பாடம். தேஜ்கரண்ஜி என்னை மெச்சி, எல்லார் முன்னாலும் ஜிலேபி ஊட்டிவிட்டார்.

அந்த நாளுக்கு வருகிறேன். வெட்டிய மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்று நட்டதாக வேறொரு தாளில் எழுதியிருந்தார்கள். பூஜ்யத்துக்குப் பத்து மடங்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. உண்மையில் இருந்தது இருநூறு தொட்டிக் கன்றுகள்தான். பார்வையிட வருகிறவர்கள் எந்தப் பகுதிக்குப் போகிறார்களோ, அவர்களுக்கு முன்னால் கன்றுகள் அங்கே போய்விடும். மறுநாள் அவர்கள் பார்க்கவிருந்தது பதினேழாம் பகுதி. ஆட்கள் கண்ணில் படாமல் சரிபார்க்க வேண்டும் என்று, எல்லோரும் வெயிலுக்கு ஒதுங்கும் நேரத்தில் தேஜ்கரண்ஜி தனியாக உள்ளே நடந்து போனார். புழுதி பேனலில் படியும் என்று உள்ளே வண்டி ஓட்டக் கூடாது. அந்த விதியும் அவர் போட்டதுதான்.

செல்போன் அங்கே எடுக்காது. வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்.

"டேய் ஜோகா, கன்னெல்லாம் வாடித் தொங்குதுடா."

"கையில தண்ணி பாட்டில் இருக்கா ஹுகும்?"

"இருக்கு."

"ஊத்திடுங்க. நாளைக்குப் பெரியவங்க வராங்க, பச்சையாத் தெரியணும்ல."

ஊற்றினார். பசுமைக்காக அவர் சொந்தக் கையால் செய்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இரண்டு மணிக்குத் திரும்பப் புறப்பட்டார். அதற்குள் பதினேழிலிருந்து தெற்கு வேலி வரை எல்லாப் பேனல்களையும் நான் கிழக்கே திருப்பிவிட்டிருந்தேன். மூன்று பொத்தான்கள், ஆறு நிமிடம். வானம் முழுக்கப் புழுதி ஏறி வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. சூரியன் எங்கே என்று பார்க்க வேண்டுமானால் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். சூரியனை வைத்துப் பிழைப்பவர்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஐயா. அவர் பேனலைப் பார்த்தார்.

"முகம் இடக்கைப் பக்கம்தானேடா?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் இடக்கைதான் ஹுகும். நீங்களே ஜிலேபி ஊட்டினீங்களே."

"ஏன்டா இன்னும் வாசல் வரல?"

"முகம் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது."

"அப்படியா ஹுகும்."

கவனியுங்கள், நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. பேனலடியில் கொஞ்சம் உட்காரட்டுமா என்றார். இந்த வேளையில் விரியன் பாம்பும் நிழலுக்குத்தான் வரும் என்றேன். அதுவும் உண்மை. மூன்று மணிக்குத் தண்ணீர் எங்கே இருக்கும் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கொலைப் பகையாளி வந்து நின்றாலும் முதலில் சொம்பை நீட்டிவிட்டுத்தான் பேச்சு. அதனால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லவில்லை. கடைசியில் தண்ணீர் தண்ணீர் என்றுகூடக் கேட்கவில்லை. "ஜோகா, உங்கப்பன் இதுலதான்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. மூன்றே முக்காலுக்குப் பிறகு மூச்சுச் சத்தம்தான் வந்தது. அதையும் நான் அணைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவரைத் தனியாக விடக் கூடாது.

தெற்கு வேலிக் கம்பியைப் பிடித்தபடி கிடந்தார் என்கிறீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வன்னி மரம் உண்டு, எல்லைக்கு வெளியே இருந்ததால் பிழைத்தது. பல்வலிக்காரன். பார்த்திருப்பார்.

பேனல் திரும்பிய பத்தாவது நிமிடமே தில்லியிலிருந்து போன் வந்துவிட்டது, உற்பத்தி ஏன் குறைகிறது என்று. தேஜ்கரண்ஜி எங்கே என்று கேட்டுப் போன் வந்தது மறுநாள் மதியம். குறைந்ததற்குக் காரணம் கணினியில் குறிக்க வேண்டும். அது காட்டிய பட்டியலில் 'சுத்தம் செய்தல்' என்று இருந்தது, அதைத் தொட்டேன். அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் பொய் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

ஆமாம், ஐயா, நான்தான் செய்தேன். தெரிந்து, யோசித்து, தேதி பார்த்துச் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளா? தெரியும். நில அளவைப் படிவம். அப்போது நான் அளவையாளருக்கு உதவியாளனாக இருந்தேன். வெயில் அதிகம், எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று அவசரம். தேஜ்கரண்ஜி சட்டைப் பையில் இருந்ததை எடுத்து என்னிடம் நீட்டி, "பூஜ்யம் போடு ஜோகா, அடுத்த மாசம் உனக்குக் கட்டுப்பாட்டு அறையில நாற்காலி" என்றார்.

கையெழுத்து என்னுடையதுதான். பேனா அவருடையது, ஐயா.